இடர் மிகுந்த சிப் ஆராய்ச்சிக்கு இராணுவ நிதி: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் இறுதியாண்டுத் திட்டம் செய்யும் மாணவர்கள், முதல் ஆய்வு நிதிக்கு விண்ணப்பம் எழுதும் இளம் விரிவுரையாளர்கள், கல்முனையிலும் காத்தான்குடியிலும் சர்க்கிட் பலகை திருத்துபவர்கள் ஆகியோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. பெரும்பாலானவை அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு முகவரகமான டார்ப்பாவைப் பற்றியவை. அங்கே காசு எப்படி ஓடுகிறது, அதில் எது நம் கைக்கு எட்டும், எது எட்டாது என்பதைப் பிரித்துச் சொல்லியிருக்கிறோம்.

‘இடர் மிகுந்த ஆய்வு’ என்றால் வெடிமருந்து, விபத்து போன்றவையா?

இல்லை. இங்கே இடர் என்பது ‘இது செய்யக்கூடியதா என்று இன்னும் எவருக்கும் தெரியாது’ என்ற நிலை. முப்பது சதவீதம் வேகமான சிப் செய்வது பொறியியல் வேலை; அதைக் கம்பனிகளே செய்துகொள்ளும். பத்து மடங்கு குறைந்த மின்சாரத்தில் அதே வேலையைச் செய்யும் சிப், அதற்கான வழி தாளில் மட்டும் இருக்கிறது என்றால், அது இடர் மிகுந்த ஆய்வு.

ஒலுவில் துறைமுகத்தை உதாரணம் காட்டி, ‘அதுவும் இடரான முதலீடுதானே’ என்று கேட்டவர்கள் உண்டு. அது வேறு வகை. துறைமுகம் எழும்பி நின்றது, வாயை மணல் மூடியது. இந்த வகை நிதி தலைகீழாக நடக்கும்: மணல் மூடுமா என்ற கேள்விக்கு மட்டும் முதலில் சிறு தொகை கொடுத்து, விடை வந்த பிறகுதான் கல் போடுவார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாமல் இருப்பதற்கான ஏற்பாடு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சிப் செய்வது பெரும் இலாபமுள்ள தொழில். அரசு ஏன் காசு போட வேண்டும்?

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உற்பத்தியான ஐசிக்களில் (அன்றைய சிப்களில்) பெரும்பகுதியை மினிட்மேன் ஏவுகணையும் அப்பல்லோ விண்கலக் கணினியும்தான் வாங்கின. அன்று இராணுவம் கேட்டதைக் கம்பனிகள் செய்தன. இன்று கைத்தொலைபேசியும் தரவு நிலையமும்தான் சந்தை; இராணுவக் கொள்வனவு அதில் மிகச் சிறிய பங்கு. ஆனால் இராணுவத்தின் தேவை விசித்திரமானது: கதிர்வீச்சைத் தாங்க வேண்டும், ரேடாருக்கான உயர் அதிர்வெண்ணில் பெரும் சக்தி தர வேண்டும், முப்பது வருடம் உதிரி கிடைக்க வேண்டும், எண்ணிக்கையோ சில ஆயிரம். எந்த உற்பத்திச்சாலையும் இதற்காகத் தன் வரிசையை நிறுத்தாது. அந்த இடைவெளிக்குத்தான் அரசுக் காசு.

டார்ப்பா உள்ளே எப்படி இயங்குகிறது?

சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவிய சில மாதங்களில், 1958இல் தொடங்கியது. வருடத்துக்கு ஏறத்தாழ 4 பில்லியன் டொலர். சொந்த ஆய்வுகூடம் கிடையாது. ஏறத்தாழ நூறு திட்ட முகாமையாளர்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று முதல் ஐந்து வருடப் பதவி. காலம் முடிந்தால் போய்விட வேண்டும். இதுதான் முழு இயந்திரத்தின் அச்சாணி என்பது எங்கள் கருத்து: ஓய்வூதியம் வரை இருக்கப் போகாதவர், தோற்றுப்போகக் கூடிய ஒன்றைத் தொடங்கப் பயப்படமாட்டார். சிப் விடயங்களை 1992 முதல் நுண்தொகுதித் தொழில்நுட்ப அலுவலகம் பார்க்கிறது.

முகாமையாளர் ஒரு கேள்வியை எடுத்துப் பகிரங்க அழைப்பு விடுவார். முதலில் சில பக்கச் சுருக்கம் கேட்பார்கள். ‘முழு விண்ணப்பம் எழுதலாம்’ அல்லது ‘எழுத வேண்டாம்’ என்று பதில் வரும். இரண்டாவது பதில் வந்தும் எழுதுவதற்குத் தடையில்லை. ஆனால் பெரும்பாலும் மூன்று மாத உழைப்பு வீண். முழு விண்ணப்பம் இரண்டு தொகுதி: தொழில்நுட்பமும் முகாமைத்துவமும் ஒன்று, செலவு மற்றது.

ஒரே கேள்விக்குப் பல குழுக்களுக்கு ஒரே நேரத்தில் காசு கொடுப்பார்கள். முதற்கட்டம் பன்னிரண்டு அல்லது பதினெட்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் எண்ணால் எழுதிய இலக்கு இருக்கும். எட்டாத குழு வெளியே. நல்ல குழு, நேர்மையாக உழைத்தது என்பதெல்லாம் கணக்கில் வராது. நாளை ‘போ’, ‘நில்’ என்று தீர்ப்புச் சொல்லும் இந்த அளவுகோலை இன்றே எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

விண்ணப்பத்தில் என்ன கேட்பார்கள்?

1975 முதல் 1977 வரை டார்ப்பாவின் பணிப்பாளராக இருந்தவர் ஜோர்ஜ் ஹெயில்மெயர். திரவப் பளிங்குத் திரையை உருவாக்கியவர்களில் ஒருவர். அவர் விட்டுப்போன கேள்விகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால்: கலைச்சொல் இல்லாமல் சொல்லுங்கள், என்ன செய்யப் போகிறீர்கள்? இன்று அதை எப்படிச் செய்கிறார்கள், எங்கே முட்டுகிறது? உங்கள் வழியில் புதியது என்ன, அது ஏன் வெல்லும்? வென்றால் யாருக்கு என்ன? எங்கே தோற்கலாம்? எவ்வளவு காசு, எவ்வளவு காலம்? நடுவிலும் முடிவிலும் வைக்கும் பரீட்சை என்ன?

ஓர் உதாரணத்தில் போட்டுப் பார்ப்போம். வாழைச்சேனையில் இருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகின் ஜிபிஎஸ், வானொலிப் பெட்டிகளுக்குள் உப்புக்காற்று ஏறுகிறது. சிப்பின் உறைக்குள் ஈரம் புகுந்து, உலோகக் கோடு அரித்து, ஒருநாள் பெட்டி செத்துப்போகிறது. கடற்படைகளுக்கும் இதே தலைவலி. யோசனை: சிப்பின் மேல் உலோக அடுக்கில், சீப்பின் பற்கள் போல ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு மின்வாய்கள். ஈரம் ஏறினால் கொள்ளளவம், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கும் திறன், கூடும். அதனோடு இணைத்த வளைய அலையியின் (தானாகத் துடித்துக்கொண்டிருக்கும் சிறு சுற்றின்) அதிர்வெண் குறையும். சாகுமுன் சிப் எச்சரிக்கும்.

தோற்கும் இடத்தைத்தான் மதிப்பீட்டாளர் முதலில் தேடுவார். சிப்பின் மேலே உற்பத்திச்சாலை பூசும் சிலிக்கன் நைட்ரைட்டு ஈரத்தைத் தடுப்பதற்காகவே இருப்பது. அதைத் திறக்காவிட்டால் சீப்புக்கு ஒன்றும் தெரியாது, அந்த இடத்தில் திறக்க உற்பத்தி விதி அனுமதிக்காமலும் போகலாம். அடுத்தது, வெப்பம் கூடினாலும் அலையி மாறும். ஆகவே மூடிய இரண்டாவது அலையி ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டின் விகிதத்தைத்தான் அளக்க வேண்டும். இந்த இரண்டையும் நீங்களே எழுதியிருந்தால் விண்ணப்பம் பலமாகும். ‘இடர் எதுவும் எதிர்பார்க்கப்படவில்லை’ என்று எழுதினால் இது இடரான ஆய்வே அல்ல என்று ஒதுக்கிவிடுவார்கள்.

பரீட்சை: ஆறாம் மாதம், சாதாரண சர்க்கிட் பலகையில் பெரிதாக்கிய சீப்பு. மூடிய போத்தலில் நிறைவுற்ற கறியுப்புக் கரைசல் வைத்தால் 25 பாகையில் உள்ளே ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தில் நிற்கும். மக்னீசியம் குளோரைட்டு வைத்தால் 33. இந்த இரண்டு புள்ளிகளையும் பிரித்துக் காட்டாவிட்டால் அங்கேயே நிறுத்தலாம். கடைசிப் பரீட்சை, பத்துச் சிப்களை 85 பாகை, 85 சதவீத ஈரப்பதனில் 1000 மணித்தியாலம் வைப்பது. துறையில் எல்லோரும் ஏற்கும் சோதனை இது. பத்தில் எட்டு, பழுதாகுமுன் எச்சரிக்க வேண்டும். 1000 மணித்தியாலம் என்றால் 42 நாள். இடையில் கரண்ட் போனால் கணக்குக் குழம்பும். பாதுகாப்பு மின்சாரத்துக்கான செலவையும் வரவுசெலவில் போடுங்கள். பலர் மறக்கும் வரி அதுதான்.

இதுவரை வென்றது எது, தோற்றது எது?

1990களின் பிற்பாதியில், 25 நானோமீற்றருக்குக் கீழே திரான்சிஸ்டர் வேலை செய்யுமா என்ற கேள்வியை டார்ப்பா வெளியிட்டது. பேர்க்லியில் செங்மிங் ஹூவின் குழு, திரான்சிஸ்டருக்குள் மின்னோட்டம் ஓடும் தட்டையான வாய்க்காலை மீனின் செட்டை போல நிமிர்த்தி, ஓட்டத்தைத் திறந்து மூடும் வாயிலைச் சுற்றிப் போட்டது. அதுதான் பின்ஃபெற். இன்ரெல் 22 நானோமீற்றரில் அதை அறிவித்தது 2011இல். உங்கள் கைத்தொலைபேசிக்குள் இருக்கும் முதன்மைச் சிப் அநேகமாக அதே வழியில் வந்ததுதான். இடையில் ஓடிய வருடங்களைக் கவனியுங்கள். மூன்று வருட நிதி முடிந்ததும் ‘பயன் என்ன’ என்று கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது.

1980இல் தொடங்கிய அதிவேக ஐசித் திட்டம் இன்னொரு கதை. பாதுகாப்புத் திணைக்களம் பெருந்தொகை போட்டது. சிப்கள் ஆயுதங்களுக்குள் போய்ச் சேருமுன் வணிகச் சந்தை முந்திவிட்டது. ஆனால் அந்தச் சுற்றுகளை விபரிப்பதற்காக உருவாக்கிய விஎச்டிஎல் மொழி 1987இல் தரமாகி, இன்றும் பொறியியல் பீடங்களில் படிப்பிக்கப்படுகிறது. எதிர்பார்த்த பயிர் பொய்த்து, வரப்பில் போட்ட பயறு விளைந்தது போல.

1988 முதல் 1995 வரை நடந்த நுண்ணலை ஐசித் திட்டம், சிலிக்கனுக்குப் பதிலாகக் கலியம் ஆர்சனைட்டு என்ற குறைகடத்தியில் ஓடியது. ரேடாருக்காகத் தொடங்கி, கைத்தொலைபேசியின் சக்திப் பெருக்கியில் முடிந்தது.

இப்போது பெரிய தொகை எங்கே போகிறது?

சிப்பைச் சுருக்குவதைவிட, வெவ்வேறு பொருளில் செய்த சிறு சிப்களை ஒன்றாக அடுக்குவதில். 2017இல் அறிவித்த இலத்திரனியல் மறுமலர்ச்சி முயற்சி, ஐந்து வருடத்துக்கு 1.5 பில்லியன் டொலர். 2024இல் ஒஸ்ரினில் உள்ள ரெக்சாஸ் இலத்திரனியல் நிறுவகத்துக்கு டார்ப்பா 840 மில்லியன் கொடுத்தது. ரெக்சாஸ் மாநிலம் 552 மில்லியன் சேர்த்தது. அமெரிக்காவில் சிப் உற்பத்தியை ஊக்குவிக்க வந்த 2022இன் சிப்ஸ் சட்டத்தில் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு 2 பில்லியன் ஒதுக்கி, அதன் கீழ் எட்டுப் பிராந்திய மையங்களை 2023 செப்ரெம்பரில் அறிவித்தார்கள்.

மட்டக்களப்பில் இருந்து நேரடியாக விண்ணப்பிக்கலாமா?

சட்டப்படி கதவு பூட்டியில்லை. அமெரிக்கர் அல்லாத நிறுவனமும், ஏற்றுமதிக் கட்டுப்பாடு, பாதுகாப்பு விதி, இரகசிய உடன்படிக்கை ஆகியவற்றுக்கு அமைந்தால் பங்கேற்கலாம் என்று அழைப்புகளில் வழக்கமாக எழுதியிருக்கும். நடைமுறையில், சிப் ஆய்வின் கூர்மையான பகுதி முழுவதும் அந்த விதிகளுக்குள் விழுந்துவிடும். சிறுவணிக ஆய்வு நிதியோ அமெரிக்க உரிமையுள்ள கம்பனிகளுக்கு மட்டும்.

ஓரளவு திறந்திருப்பது அடிப்படை ஆய்வு. டோக்கியோவில் உள்ள அமெரிக்க விமானப்படையின் ஆசிய ஆய்வு அலுவலகமும், கடற்படை ஆய்வு அலுவலகத்தின் வெளிநாட்டுப் பிரிவும் ஆசியப் பல்கலைக்கழகங்களுக்குச் சிறு நிதி கொடுப்பதுண்டு. முதலில் முழு விண்ணப்பம் அல்ல, இரண்டு மூன்று பக்கக் குறிப்பைத்தான் பொறுப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும்.

உடன்படிக்கையில் கையொப்பமிடுவது பல்கலைக்கழகம், விரிவுரையாளர் அல்ல. நிறுவனத்துக்கு முதலில் என்கேஜ் இலக்கம் (வெளிநாட்டு நிறுவனத்தை அடையாளம் காட்டும் குறியீடு), பிறகு அமெரிக்க அரசு நிதி பெறுவோர் பதியும் சாம் இணையத்தளத்தில் பதிவு, அங்கே 12 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம். இரண்டும் இலவசம், காசு கேட்டு மின்னஞ்சல் வந்தால் அது தரகர். பதிவு வருடாவருடம் புதுப்பிக்கப்பட வேண்டும்.

இங்கே மாட்டுவது முகவரியில். வந்தாறுமூலையை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறோம்: ‘மூ’வுக்கு ஒருவர் இரட்டை ஓ, மற்றவர் யூ, ‘த’வுக்கு ஒருவர் டி, மற்றவர் டிஎச். கடிதத் தலைப்பில் ஒன்று, வங்கிக் கடிதத்தில் வேறொன்று, என்கேஜில் இன்னொன்று என்றால் பதிவு வாரக்கணக்கில் இழுபடும். ஒரு எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, நிதியாளர் அலுவலகம் முதல் வங்கி வரை அதையே பிடியுங்கள்.

அமெரிக்காவில் முனைவர் பட்டம் செய்யப் போகிறேன். அத்தகைய திட்டத்தில் வேலை செய்யலாமா?

முடிவுகளைத் தடையின்றி வெளியிடக்கூடிய அடிப்படை ஆய்வு என்றால் பொதுவாகச் செய்யலாம். ‘வெளியிடுமுன் அனுமதி’ என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தால் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கமாட்டார்கள். கட்டுப்படுத்திய தொழில்நுட்பத்தை அமெரிக்க மண்ணிலேயே வெளிநாட்டவருக்குக் காட்டினாலும் அது ஏற்றுமதியாகக் கணக்கிடப்படும். பேராசிரியரிடம் சேருமுன்னே கேளுங்கள்: என் சம்பளம் எந்த நிதியில் இருந்து, அதில் வெளியீட்டுத் தடை உண்டா? குறைகடத்தி, ரேடார் என்று படிப்புத் திட்டத்தில் எழுதினால் விசா மேலதிக ஆய்வுக்குப் போகலாம்; சில மாதம் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவின் திட்டங்கள்?

2018இல் தொடங்கிய பாதுகாப்புப் புத்தாக்கத் திட்டமான ஐடெக்ஸ், பாதுகாப்பு ஆய்வு அமைப்பான டிஆர்டிஓவின் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதி ஆகியவை இந்தியக் கம்பனிகளுக்கானவை. நமக்கில்லை. ஆனால் ஐஐடி மெட்ராஸின் சக்தி செயலியின் வடிவமைப்பு திறந்த மூலத்தில், அதாவது எவரும் பார்க்கும்படி, இருக்கிறது, இறக்கிப் படிக்கலாம்.

இலங்கையில் எங்கே கேட்பது?

தேசிய ஆராய்ச்சிச் சபை, தேசிய விஞ்ஞான மன்றம், பல்கலைக்கழகத்தின் உள் ஆய்வு நிதி. இவை எதுவும் ‘தோற்றாலும் பரவாயில்லை’ என்று வடிவமைத்தவை அல்ல. கணக்காய்வு வெளியீட்டையும் பொருளையும் எண்ணும். ஆகவே இடரான கேள்வியை, நிச்சயம் முடியக்கூடிய ஒரு வேலையோடு கட்டி எழுதுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில், உப்புக்காற்று அரிப்பு பற்றிய அளவீட்டுத் தரவு எப்படியும் கிடைக்கும்; சிப் வேலை செய்தால் அது மேலதிகம். வந்தாறுமூலையின் பௌதிகவியல், ஒலுவிலின் பொறியியல் இரண்டும் ஒரே விண்ணப்பத்தில் வந்தால் இன்னும் நல்லது.

காசே இல்லாமல் சிப் வடிவமைக்க முடியுமா?

முடியும். அதற்கு வழி திறந்ததே இதே இராணுவ நிதிதான். 2018இல் டார்ப்பா, மனிதக் கை படாமல் 24 மணித்தியாலத்துக்குள் சிப்பின் தளவமைப்பை முடிக்கும் மென்பொருள் கேட்டது. சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தலைமையில் ஓப்பன்ரோட் என்ற மென்பொருள் பிறந்தது. திறந்த மூலம், இலவசம். 2020இல் கூகிளும், சிப் உற்பத்தி செய்யும் ஸ்கைவோட்டர் கம்பனியும் 130 நானோமீற்றர் உற்பத்தி விதிக்கோப்பை (அந்த உற்பத்திச்சாலைக்கு ஏற்ப வடிவமைக்கத் தேவையான விதிகளும் அளவுகளும்) திறந்துவிட்டன. வெண்ணெய் கையில் இருக்கிறது.

16 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு, ஓப்பன்ரோட்டையும் மற்றக் கருவிகளையும் வரிசையாக ஓட்டும் ஓப்பன்லேனை, தேவையான எல்லாவற்றையும் ஒரே பொதியாக இயக்கும் டொக்கர் வழியாக நிறுவுங்கள். விதிக்கோப்பு சில ஜிபி. இரவு டேட்டாவில் இறக்குங்கள். வெரிலொக் என்ற சுற்று விபரிப்பு மொழியில் எழுதியதை யோசிஸ் என்ற கருவி தர்க்கவாயில்களாக மாற்றும். அதன்பின் தளம் பிரித்தல், இடம் வைத்தல், கடிகார மரம், கம்பி ஓட்டம். முடிவில் மஜிக் என்ற கருவி உற்பத்தி விதிகளையும், நெற்ஜென் என்ற கருவி சுற்றும் வரைபடமும் ஒன்றா என்பதையும் சரிபார்க்கும்.

எங்கே சறுக்கும்? இடத்தை மிச்சப்படுத்த அடர்த்தியை 80 சதவீதம் வைப்பார்கள்; கம்பி ஓட வழியில்லாமல் மணிக்கணக்கில் சுழன்று நின்றுவிடும். 45, 50இல் தொடங்குங்கள். வெரிலொக்கின் கேஸ் கூற்றில் ஒரு நிலையை விட்டால் நீங்கள் கேட்காத லாச் (பழைய மதிப்பைப் பிடித்துவைக்கும் சுற்று) முளைக்கும். தொடக்க மதிப்பைக் கொடுக்கும் ரீசெற் இல்லாத பதிவி (மதிப்பைச் சேமிக்கும் சுற்று), உருவகப்படுத்தலில் எக்ஸ், அதாவது ‘மதிப்புத் தெரியாது’, என்று காட்டும். சிப்பில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக எழும். கடிகாரக் காலத்தை 10 நானோசெக்கனில் வைத்து வென்ற பிறகு குறையுங்கள். நீண்ட கம்பி, உற்பத்தியின்போது மின்னேற்றம் பிடித்து வாயிலை எரிக்கும். அன்ரனா எச்சரிக்கை என்று அறிக்கையில் வரும், டயோட் போட்டால் தீரும்.

உற்பத்திக்கு, பலருடைய வடிவமைப்பை ஒரே தகட்டில் போடும் பங்குச் சேவை உண்டு. 1981இல் மோசிஸ் என்ற பெயரில் டார்ப்பா தொடங்கிய வழி. சிப்பின் வரைபடத்தைத் தகட்டில் பதிக்கும் அச்சுகளான முழு முகமூடித் தொகுதிக்கு இலட்சக்கணக்கான டொலர் போகும் இடத்தில் ஒரு சிறு கட்டத்துக்கு மட்டும் கட்டணம். அப்படியான ரைனி ரேப்அவுட் என்ற சேவை மாணவர்களுக்கு ஏற்றது. இப்படிச் சேவை செய்த ஈஃபேப்லெஸ் கம்பனி 2025இல் மூடப்பட்டது. ஆகவே ஒரே உற்பத்திச்சாலையை நம்பி வடிவமைக்காதீர்கள். ஜெர்மனியின் ஐஎச்பி ஆய்வு நிறுவகமும் 130 நானோமீற்றர் விதிக்கோப்பைத் திறந்திருக்கிறது.

பல்கலைக்கழகக் காசில் வாங்குவதானால் மூன்று விலைமனு கேட்பார்கள். இதற்கு ஒருவர்தான் இருப்பார். தனி வழங்குநருக்கான காரணக் கடிதத்தைப் பங்குச் சேவையின் இறுதித் திகதிக்கு மூன்று மாதம் முன்பே கொடுங்கள். திகதி உங்கள் கொள்வனவுக் குழுவுக்காகக் காத்திருக்காது. வானொலி அலை வெளியிடும் பலகை என்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் சுங்கத்தில் கிடக்கும்.

சிப் வந்துவிட்டது. ஒட்டும்போது வெடிக்கிறதே?

வாவிக் காற்று. பையில் ஈரப்பத உணர்திறன் நிலை 3 என்று இருந்தால், திறந்த பின் 168 மணித்தியாலம் வைக்கலாம் என்பார்கள். ஆனால் அந்தக் கணக்கு 30 பாகை, 60 சதவீத ஈரப்பதனுக்கு. மட்டக்களப்பில் பெரும்பாலான நாட்களில் காற்று அதைவிட ஈரம். உறை குடித்த தண்ணீர் 240 பாகையில் ஆவியாகிச் சோளப்பொரி போல வெடிக்கும். பையில் உள்ள நிறஅட்டையைப் பாருங்கள். நிறம் மாறியிருந்தால் 125 பாகையில் சுட வேண்டும். எத்தனை மணித்தியாலம் என்பது உறையின் தடிப்பைப் பொறுத்தது. பிளாஸ்ரிக் நாடாவோடு அந்தச் சூட்டில் வைத்தால் நாடா உருகும். மீதியைச் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

போர் தின்ற மண்ணில் இருந்துகொண்டு இராணுவக் காசைத் தொடலாமா?

இதைக் கேட்காத கூட்டமே இல்லை. கேட்க வேண்டிய கேள்வியும்தான். ஒருவருடைய மனச்சாட்சிக்கு நாங்கள் விடை எழுத முடியாது. ஒன்றை மட்டும் வலியுறுத்துவோம்: நிதி எங்கிருந்து வருகிறது என்பதை மாணவருக்கு முதல் நாளே சொல்லுங்கள், விலகும் உரிமையையும் சொல்லுங்கள். முடிவுகளை முழுதாக வெளியிடலாமா, தரவு யாருக்குச் சொந்தம் என்று எழுத்தில் வாங்குங்கள். ‘இது அடிப்படை ஆய்வுதானே’ என்று மழுப்ப வேண்டாம். எந்தப் படைக்கு ஏன் அந்த எண் தேவை என்று கேட்டால் பதில் சொல்லும் நிலையில் இருக்க வேண்டும். பதில் உறுத்தினால், மேலே சொன்ன திறந்த கருவிகளில் எவரிடமும் கைநீட்டாமல் வேலை செய்யலாம். அவையும் அதே காசில் பிறந்தவை என்ற முரண் எங்களுக்கும் தெரியும்.

தோற்றால் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

இலக்கு எட்டாததற்காக இல்லை. விண்ணப்பத்தில் சொன்ன வேலையைச் செய்தீர்களா என்றுதான் பார்ப்பார்கள். திருப்ப வேண்டியது இரண்டு: செலவாகாத மீதி, அனுமதியில்லாமல் வேறு தலைப்பில் செலவானது. உபகரணத் தலைப்பில் இருந்து பயணத் தலைப்புக்கு மாற்றுவதென்றால் செலவழிக்குமுன் கடிதம் வாங்குங்கள். இறுதி அறிக்கையில் தோற்ற அளவீடுகளையும் வரைபடத்தோடு போடுங்கள். சீப்பு 33க்கும் 75க்கும் இடையில் அசையவில்லை என்றால் எந்தப் பூச்சுத் தடிப்பில், எத்தனை நாள் வைத்து என்று எழுதுங்கள். அடுத்த குழு அந்தத் தடிப்பில் இருந்து தொடங்கும்.